எண்ணெயும் நீரும் இணைவது எங்ஙனம்?

சருமக் களிம்புகளில் சேரும் தாவரப் பொருள்களைப் பற்றிய ஒரு பாடம்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

கிராமங்களிலுள்ள மாதர் சங்கங்களும் சுயஉதவிக் குழுக்களும் அப்பளம், ஊறுகாய், சோப்பு முதலியவற்றைச் செய்து விற்பதோடு நில்லாமல், முகத்துக்கும் கைகால்களுக்கும் பூசும் களிம்பு வகைகளையும் செய்ய முற்பட்டிருக்கின்றன. இது சந்தோஷத்துக்குரிய விஷயமே. செக்கில் ஆட்டிய எண்ணெயை அப்படியே விற்றால் ஒரு விலை. அதனையே களிம்பாக்கிச் சிறு டப்பாவில் அடைத்து விற்றால் வேறு விலை. இடையிலுள்ள லாபம் ஊரிலேயே தங்குமாயின் அதனை வேண்டாமென்பார் எவருமில்லர்.

ஆயினும், களிம்பு என்பது அப்பளத்தைப் போன்றதன்று. அப்பளம் நமுத்துப்போனால் வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம். கெட்டுப்போன களிம்போ வாங்கியவர் தோலைப் பாதிக்கும்; செய்தவர் முதலையும் விழுங்கும். ஆகையால், அடுப்பை மூட்டுமுன் மூன்று விஷயங்களை அங்கத்தினர் யாவரும் தெளிவாக அறிதல் வேண்டும். தோலை மென்மையாக்குவது எது? எண்ணெயையும் நீரையும் ஒன்றாகப் பிணைப்பது எது? அவ்வாறு பிணைத்ததைக் கெடாமற் காப்பது எது? இம்மூன்றையும் இப்பாடத்தில் முறையே விளக்குவோம்.

1. தோல் ஏன் வறள்கின்றது?

நமது தோலின் மேற்புறத்தே, உயிரிழந்த அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய படலம் ஒன்றுண்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக மற்ற இடங்களில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் 100ல் ஒரு பங்கு முதல் 50ல் ஒரு பங்கு வரையே இருக்கும். இதனை ஒரு செங்கற் சுவருக்கு ஒப்பிடலாம். அணுக்களே செங்கற்கள், அவற்றினிடையே சாந்து போல நிறைந்திருப்பவை செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள். இச்சாந்து நன்றாயிருக்கும் வரையில் உடலின் உள்ளேயுள்ள ஈரம் வெளியே ஓடாது. வெளியேயுள்ள கிருமிகளும் எளிதில் உட்புகா.

இப்படலத்தில் நீரின் அளவு நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறைந்துவிட்டால் அது விறைத்து, செதில் செதிலாக உரிந்து, வெடிப்பு விடுகின்றது. ஓயாமல் பாத்திரம் தேய்க்கும் கை, சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் புழங்கும் கை, செருப்பின்றி வரப்பில் நடக்கும் கால், மூத்தோர் உடல் ஆகியவற்றில் இவ்வறட்சி மிகுதியாகக் காணப்படும். காரச் சோப்பும் கொதிநீர்க் குளியலும் சாந்தைக் கரைத்து அதனை மேலும் வளர்க்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்னும் ஆராய்ச்சியாளர் 1952-ஆம் ஆண்டில் தமது சோதனைகளின் முடிவை வெளியிட்டார். காய்ந்து விறைத்த தோற்படலத்தை எண்ணெயில் ஊறவைத்தால் அது விறைப்பாகவே இருக்கின்றது. நீரேறினால் மட்டும் வளைந்து கொடுக்கின்றது என்று அவர் காட்டினார். அதாவது, தோலை உண்மையில் மென்மையாக்குவது நீரே. அங்ஙனமாயின் எண்ணெயின் வேலை யாது? அந்நீர் ஆவியாகாமல் காப்பதே அதன் முதல் வேலை. உழவருக்கு இது எளிதில் விளங்கும். வயலில் பரப்பும் மூடாக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. உள்ள ஈரத்தைக் காக்கின்றது. நீரே பாயாத நிலத்தில் மூடாக்கு இட்டுப் பயன் சிறிதே.

ஆகையால் செலவில்லாத முதல் யோசனை ஒன்றை இப்பொழுதே சொல்லிவிடலாம். எண்ணெயாயினும் களிம்பாயினும், குளித்தவுடன் உடலை ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் உலர்வதற்குள் பூசுதல் வேண்டும். அதே எண்ணெயை உலர்ந்த காலில் நடுப்பகலில் தேய்ப்பதால் அத்துணைப் பயன் இராது.

2. மென்மையாக்கும் எண்ணெய்கள்

தோலின் இடைவெளிகளை நிரப்பி, மேலே மெல்லிய திரையிட்டு, வழவழப்பைத் தரும் பொருள்களை மென்மையாக்கிகள் என்பர். தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. ஆனால் எண்ணெய்களெல்லாம் ஒன்றே என்று எண்ணுவது தவறு.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். அது சுமார் 25 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறையும், எளிதில் காறாது. பிலிப்பைன்ஸ் தேசத்தில் வறண்ட தோலுடைய 34 பேரிடம் நடத்தி 2004ல் வெளியிட்ட சோதனையொன்றில், பச்சைத் தேங்காயெண்ணெயும் வைத்தியர்கள் வழக்கமாகத் தரும் கனிம எண்ணெயும் சமமாகப் பயன் தந்தன.

நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலியிக் என்னும் இரண்டு அமிலங்களும் ஏறக்குறையச் சம அளவில் உள்ளன. அதிலேயே இயற்கையாக அமைந்த சில பொருள்கள் காறலைத் தடுக்கின்றன. ஆதலால், பல மாதங்கள் இருக்க வேண்டிய தைலங்களுக்கு நம் வைத்தியர்கள் நல்லெண்ணெயைத் தேர்ந்தது காரணமின்றியன்று.

ஆமணக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருங்க ரிசினோலியிக் அமிலம் இருப்பதால் அது மிகக் கெட்டியாயிருக்கும். தனியே பூசினால் பிசுபிசுக்கும். மற்ற எண்ணெயோடு சிறிது சேர்த்தால் நன்கு ஒட்டி நிற்கும். இலுப்பையெண்ணெய் குளிர்ந்த நாளில் நெய் போல் உறைவதால் களிம்புக்குக் கட்டுத் தரும். அதன் வாடை மட்டும் சிலருக்கு ஒவ்வாது. கடலையெண்ணெய் மலிவானதே, ஆயினும் கடலை ஒவ்வாதவர் சிலர் இருப்பதால், சேர்த்தால் அதனை டப்பாவின் மேல் அவசியம் குறித்தல் வேண்டும்.

சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் மிகுதி. இவ்வமிலம் தோலின் சாந்தைச் செப்பனிடப் பயன்படுவது. டாக்கா நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில், மாதம் நிறையுமுன் பிறந்த சிசுக்களுக்கு வைத்தியர் மேற்பார்வையில் இவ்வெண்ணெயைப் பூசிவந்தார்கள். பூசப்படாத சிசுக்களைவிட அவர்களுக்கு வைத்தியசாலையில் தொற்றும் நோய்கள் நூற்றுக்கு 41 பங்கு குறைந்தன என்று 2005ல் வெளியிடப்பெற்றது. இதற்கு மாறாக, பெயர் பெற்ற ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைத் தளர்த்துவதாக இங்கிலாந்தில் 2013ல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. விலை உயர்ந்தது என்பதனாலோ, சீமையிலிருந்து வந்தது என்பதனாலோ ஓர் எண்ணெய் தோலுக்கு நன்மையாகிவிடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

எண்ணெயோடு சேர்த்து நினைவில் வைக்கத்தக்க இன்னொரு பொருள் கிளிசரின். ஷீலே என்னும் சுவீடன் தேசத்து ரசாயனியார் 1779ல் ஆலிவ் எண்ணெயிலிருந்து இதனைப் பிரித்தார். எந்தத் தாவர எண்ணெயைச் சோப்பாகக் காய்ச்சினாலும் கிளிசரின் உண்டாகும். இது நீரைத் தன்பால் ஈர்த்து நிறுத்தும் தன்மையுடையது. எண்ணெய் மூடாக்காயின், கிளிசரின் ஈரம் பிடிக்கும் தொழு உரம் எனலாம்.

3. பால்மம் என்பது யாது?

நீர்தான் தோலுக்கு வேண்டியது. எண்ணெய்தான் அதனைக் காப்பது. அங்ஙனமாயின் இரண்டையும் கலந்தே பூசினால் என்ன என்ற கேள்வி எழும். அதற்குத் தடையாயிருப்பது யாவரும் அறிந்த ஒன்றே. எண்ணெயும் நீரும் ஒட்டுவதில்லை.

வாசக சாலையிலோ சங்கக் கட்டடத்திலோ ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு நீரும், அதன்மேல் இரண்டு விரற்கடை எண்ணெயும் விடுங்கள். ஒரு புட்டியை அப்படியே குலுக்குங்கள். எண்ணெய் திவலைகளாகச் சிதறிச் சிறிது நேரத்தில் மீண்டும் மேலே வந்து ஒன்றுசேரும். மற்றொரு புட்டியில் சிறிது சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்குங்கள். இப்போது கலவை வெளுத்துப் பால் போலாகி நெடுநேரம் பிரியாமல் நிற்கும். இக்கலவைக்குப் பால்மம் என்று பெயர். இரண்டையும் பிணைத்து நிற்கும் பொருளுக்குப் பால்மமாக்கி என்று பெயர்.

பால்மமாக்கியின் ஒவ்வொரு நுண்துகளுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். பேச்சுவார்த்தையற்ற இரண்டு குடும்பங்களுக்கிடையே, இரு வீட்டாருக்கும் உறவான ஒருவர் நடுவில் நின்று சம்பந்தம் பேசி முடிப்பது போல, இது எண்ணெய்த் திவலையைச் சுற்றி நின்று, அதனை நீரோடு இருக்கச் செய்கின்றது.

பால்மங்கள் இருவகைப்படும். நீருக்குள் கொழுப்பு நுண்துளிகளாக மிதப்பது ஒரு வகை, பசும்பால் இவ்வகையினது. கொழுப்புக்குள் நீர் நுண்துளிகளாகச் சிறைப்பட்டிருப்பது மற்றொரு வகை, வெண்ணெய் இவ்வகையினது. வெண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு நீர் இருக்கின்றது. தயிரைக் கடையும்போது ஒரு வகை மற்றொரு வகையாக மாறுவதை நம் வீட்டுப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகின்றனர். பால்மமாக்கி நீர், எண்ணெய் இரண்டில் எதில் மிகுதியாகக் கரையுமோ அதுவே வெளிப்புறமாக அமையும் என்ற விதியை அமெரிக்க ரசாயனியார் பேன்கிராப்ட் 1913ல் வெளியிட்டார்.

கடையில் வாங்கிய ஒரு களிம்பு எவ்வகையினது என்றறிய, அதில் சிறிது எடுத்து நீரில் விட்டுக் கலக்கிப் பாருங்கள். எளிதில் கரைந்து நீர் வெளுத்தால் அது பாலின் வகை. கரையாமல் திரளையாக மிதந்தால் வெண்ணெயின் வகை. முன்னது முகத்தில் விரைவில் படிந்து மறையும்; பின்னது வெடித்த குதிகாலில் நின்று காக்கும்.

4. தாவரங்கள் தரும் பால்மமாக்கிகள்

முதலாவது, பிசின். கருவேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களிலிருந்து வடியும் பிசின் நீரில் கரைந்து கொழகொழப்பாகி எண்ணெய்த் திவலைகளைச் சூழ்ந்துகொள்ளும். மருந்து கலப்போர் நெடுங்காலமாகக் கையாளும் அளவு இது: எண்ணெய் 4 பங்கு, நீர் 2 பங்கு, பிசின் தூள் 1 பங்கு. உலர்ந்த கல்வத்தில் எண்ணெயும் பிசின் தூளும் இட்டுக் கலந்து, நீரை ஒரே முறையாக விட்டு விரைந்து அரைத்தால், கெட்டியான வெண்ணிறப் பால்மம் உண்டாகும். பின்பு வேண்டிய அளவு நீர் சேர்க்கலாம்.

இரண்டாவது, லெசித்தின். பிரான்ஸ் தேசத்துக் கோப்ளி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதனை முட்டையின் மஞ்சட்கருவிலிருந்து பிரித்தார். இன்று பெரும்பாலும் சோயா எண்ணெயிலிருந்து எடுக்கப்படுகின்றது. ஆட்டிய எண்ணெயில் சிறிது நீர் சேர்த்துச் சுழற்றும்போது பிரிகின்ற பிசுபிசுப்பான கசடே இதற்கு மூலப்பொருள்.

மூன்றாவது, சோப்பு. ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தை நீருடன் சூடாக்கி, அதில் ஒரு பகுதியை மட்டும் காரத்தால் சோப்பாக மாற்றினால், அச்சோப்பு மீதியுள்ள அமிலத்தை நீரில் பிணைத்து நிறுத்தும். நம் பாட்டிமார் ‘ஸ்நோ’ என்று வழங்கிய வெண்ணிறக் களிம்பு இம்முறையில் அமைந்ததே. சோப்புத் தொழிலுக்கும் கூட்டுறவுக்கும் பழைய உறவொன்று உண்டு. மதராஸ் மாகாணத்தில் கூட்டுறவு முறையைப் புகுத்துவதற்கு வழிகோலிய அறிக்கையை 1895 முதல் 1897 வரை இரண்டு பாகங்களாக எழுதிய ஸர் பிரெடரிக் நிக்கல்ஸனே பிற்காலத்தில் அம்மாகாணத்து மீன் இலாகாவை நடத்தினார். அவ்விலாகாவின் சோதனைகளுக்குப் பின்னர், 1914ல் கோழிக்கோட்டில் அரசாங்கத்தாரின் சோப்பு நிலையம் தோன்றிற்று.

நான்காவது, மெழுகுத்தன்மையுள்ள ஆல்கஹால்கள். செட்டில் ஆல்கஹால் என்பதை 1817ல் செவ்ரல் என்னும் பிரெஞ்சு ரசாயனியார் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் கொழுப்பினின்று பிரித்தார். வியாபாரத்துக்காகத் திமிங்கில வேட்டையாடுதல் 1986 முதல் சர்வதேச உடன்பாட்டினால் நிறுத்தப்பெற்றது. இன்று இப்பொருள் பெரும்பாலும் பனையினத்து எண்ணெய்ப் பாமாயிலிலிருந்தும் தேங்காயெண்ணெயிலிருந்தும் செய்யப்படுகின்றது. இதனோடு நீரை நாடும் வேறொரு பொருளைச் சேர்த்து, ‘எமல்சிபையிங் வாக்ஸ்’ என்ற பெயரால் வெண்ணிறச் செதில்களாக விற்கின்றார்கள். சிறு அளவில் களிம்பு செய்வோர் கையாளுவது பெரும்பாலும் இதுவே.

நமது சித்த வைத்தியமும் இக்கலையை அறியாததன்று. குங்கிலியத்தை நல்லெண்ணெயிலிட்டு உருக்கி, நீர் விட்டுப் பலமுறை கடைந்து கழுவி, வெண்ணெய் போல் திரட்டும் குங்கிலிய வெண்ணெயில் மரப்பிசின், தாவர எண்ணெய், நீர் மூன்றும் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குவது அவசியமாகும். ‘தாவரத்திலிருந்து வந்தது’ என்பது ஒன்று. ‘வீட்டில் செய்யக்கூடியது’ என்பது மற்றொன்று. செட்டில் ஆல்கஹால் தாவர எண்ணெயிலிருந்து வந்ததே. ஆயினும் அது பெரிய ஆலையில், மிகுந்த அழுத்தத்தில் ஆக்கப்படுவது. அவ்வாறு ஆக்கப்பட்டதனால் அது தீயதாகிவிடவுமில்லை. ‘ரசாயனமே இல்லாதது’ என்று டப்பாவில் அச்சடிப்பவர், தாம் விற்கும் எண்ணெயும் நீரும் ரசாயனப் பொருள்களே என்பதை மறந்தவராவர்.

5. வெண்ணெய் கெடும், நெய் நிற்கும்

இனி, இப்பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். வெண்ணெயைச் சில நாள் வெளியே வைத்தால் கெடுகின்றது. அதனையே உருக்கி நெய்யாக்கினால் மாதக்கணக்கில் நிற்கின்றது. ஏன்? உருக்கும்போது நீர் ஆவியாகிப் போய்விடுகின்றது. நீரில்லாத இடத்தில் கிருமிகள் பெருகமாட்டா. களிம்புக்கும் இதே நியாயம்தான். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்தது நெய்யைப் போன்றது. நீர் சேர்ந்த பால்மம் வெண்ணெயைப் போன்றது.

களிம்புக்குப் பகைவர் இருவர் என்று அறிதல் வேண்டும். முதற்பகைவன் காறல். காற்று, வெளிச்சம், வெப்பம் மூன்றும் எண்ணெயைத் தாக்கி வாடை உண்டாக்குவது இது. வைட்டமின் ஈ போன்ற பொருள்கள் இதனைத் தாமதப்படுத்தும். இரண்டாம் பகைவன் கிருமியும் பூஞ்சணமும். வைட்டமின் ஈ இவற்றைத் தடுக்கமாட்டாது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் சிறிது சேர்த்துவிட்டால் போதும் என்பதும் நம்பத்தக்கதன்று. இதற்கென்று அமைந்த, அளவு விதிக்கப்பட்ட கிருமித் தடுப்புப் பொருளே வேண்டும். இவ்விரு பகைவரையும் ஒருவராகவே எண்ணியதுதான் பல சங்கங்களின் நஷ்டத்துக்குக் காரணம்.

தணிக்கைக்காகச் சென்ற இடத்தில் ஒரு மாதர் சங்கத்தின் இருப்பைப் பார்க்கும்படி நேர்ந்தது. கற்றாழைச் சாறும் தேங்காயெண்ணெயும் சேர்த்து, வைட்டமின் ஈ மட்டும் இட்டு, திருவிழாச் சந்தைக்கென்று நூற்றுக்கணக்கான டப்பாக்கள் நிரப்பியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது உட்புறத்தே கரும்புள்ளி படர்ந்திருந்தது. அச்சங்கத்தார் சோம்பேறிகளல்லர், கணக்குப் புத்தகமும் பழுதற்றது. பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், ஒரே வரியில் நஷ்டமென்று எழுதப்பெற்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான். அதிலும் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றே சொல்ல வேண்டும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தது. நிறமும் மணமும் மாறாமலே கிருமி பெருகியிருக்கும் களிம்பு, வெடித்த குதிகாலிலோ, பிள்ளையின் மேனியிலோ, கண்ணருகிலோ பட்டால் நேரும் தீங்கு கணக்குப் புத்தகத்தில் அடங்காது.

6. சங்கத்தார் முதலிற் செய்யத்தக்கது

ஆகையால், நாம் கூறும் யோசனை யாதெனில், கற்கத் தொடங்கும் சங்கம் நீரில்லாத களிம்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அதற்குரிய அளவு, எடைப்படி நூறு பங்குக்கு, வருமாறு: நல்லெண்ணெய் 60, தேங்காயெண்ணெய் 20, தேன்மெழுகு 20.

செய்முறை:

(அ) பாத்திரம், கரண்டி, டப்பா யாவும் கழுவி ஈரமற உலர்த்தியிருத்தல் வேண்டும். ஒரு துளி நீரும் உள்ளே இருத்தலாகாது.

(ஆ) அகன்ற பாத்திரத்தில் கொதிநீர் வைத்து, அதனுள் எண்ணெயும் மெழுகும் இட்ட சிறு பாத்திரத்தை வைத்து உருக்குக. நேரடியாக நெருப்பில் வைத்தால் எண்ணெய் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும்.

(இ) பாகு பதம் பார்ப்பது போல, குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுப் பதம் பார்க்க. அதிகம் இளகினால் மெழுகும், அதிகம் இறுகினால் எண்ணெயும் சிறிது சேர்க்க.

(ஈ) டப்பாக்களில் ஊற்றி, ஆறிய பின்னரே மூடுக. சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறத்தில் ஈரம் வியர்க்கும்.

முற்றும் தாவரப் பொருளாகவே வேண்டுமென்பார் தேன்மெழுகுக்குப் பதிலாக அரிசித் தவிட்டு மெழுகைக் கையாளலாம். தவிட்டெண்ணெயைச் சுத்தம் செய்யும் ஆலைகளில் பிரிவது இம்மெழுகு. இது 77 டிகிரிக்கு மேலேதான் உருகும்; தேன்மெழுகைவிடக் கடினமானது. ஆதலால் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, மேற்சொன்ன தட்டுச் சோதனையால் அளவை முடிவு செய்தல் நலம்.

முதலில் பத்து டப்பா மட்டும் செய்க. அவற்றில் மூன்றைச் சித்திரை வெயில் படும் அறையிலும், மூன்றைச் சாதாரண அறையிலும் வைத்து, இளகுகின்றதா, வாடை மாறுகின்றதா என்று மூன்று மாதம் குறித்துவருக. மீதி நான்கை அங்கத்தினர் தாமே உபயோகிக்க. புதிய பொருளை உடலெங்கும் பூசுமுன், முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்தல் வேண்டும். சிவந்தாலும் அரித்தாலும் நிறுத்திவிடுக.

7. நீர் சேர்ந்த களிம்பு

முதற்பாடத்தில் கை தேர்ந்த பின்னர், பயிற்சி பெற்ற ஒருவர் மேற்பார்வையில் பால்மக் களிம்பைச் செய்து பார்க்கலாம். நூறு பங்குக்கு அளவு: எண்ணெய் 20, எமல்சிபையிங் வாக்ஸ் 6, கிளிசரின் 5, கிருமித் தடுப்புப் பொருள் 1, காய்ச்சி வடித்த நீர் 68. எண்ணெயையும் வாக்ஸையும் ஒரு பாத்திரத்திலும், நீரையும் கிளிசரினையும் வேறொரு பாத்திரத்திலும் 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்குக. பின்பு இரண்டையும் சேர்த்து, ஆறும் வரை விடாமல் கடைக. ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருக்கக் கலந்தால் வாக்ஸ் கட்டிகட்டியாக உறைந்து பால்மம் முறியும். கிருமித் தடுப்புப் பொருளைப் பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பின்னரே சேர்த்தல் வேண்டும்.

அப்பொருள் எதுவாயினும், விற்பவர் தரும் குறிப்பில் கண்ட அளவை மீறலாகாது, குறைக்கவும் கூடாது. உதாரணமாக, பீனாக்ஸி எத்தனால் என்பதற்கு நூற்றுக்கு 1 பங்கே உச்ச அளவு. சோடியம் பென்சோயேட் என்பது களிம்பு சிறிது புளிப்புத் தன்மையுடன் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். சோப்பினால் ஆன காரக் களிம்பில் அதனை இடுவது வீண். கண்ணளவாக இட்டுப் பழகிய கை இங்கே உதவாது. நுட்பமான தராசு அவசியமாகும்.

8. சட்டமும் கணக்கும்

வீட்டில் செய்து தாமே பூசிக்கொள்வது வேறு, விற்பது வேறு. இந்தியாவில் விற்பனைக்காக அழகுப் பொருள் செய்வோர், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்படியும், 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படியும், மாநில அதிகாரிகளிடம் உரிமம் பெறுதல் வேண்டும். நீரில்லாத களிம்புக்கும் இது பொருந்தும். சருமக் களிம்புகளுக்கென்று இந்திய தர நிர்ணய அமைப்பின் 6608-ஆம் எண் தரமும் உண்டு. தனியே தொழிற்கூடம் அமைக்க வசதியற்றவர், உரிமம் பெற்ற வேறொருவர் கூடத்தில் செய்துகொள்வதற்கான கடன் உரிம முறையும் அவ்விதிகளில் காணப்படுகின்றது. டப்பாவின் மேல் சேர்ந்த பொருள்கள், தொகுதி எண், உரிம எண், உபயோகிக்கத்தக்க காலம், செய்தவர் விலாசம் ஆகியவை இருத்தல் வேண்டும். ‘சொறி தீரும்’, ‘படை நீங்கும்’ என்று அச்சிட்டால் அது அழகுப் பொருளாகாது. மருந்தாகி, வேறு உரிமத்தின்கீழ் வந்துவிடும்.

நிர்வாக சபையார் விலை நிர்ணயிக்கும்போது எண்ணெய், மெழுகு, டப்பா ஆகியவற்றின் கிரயத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. எரிபொருள், லேபிள், அங்கத்தினர் கூலி, சிந்திச் சிதறும் சேதம், பரிசோதனைச் சாலைக் கட்டணம், உரிமக் கட்டணம், விற்பனையாளர் கமிஷன் ஆகியவற்றையும் எழுதுக. இவற்றையெல்லாம் சேர்த்த பின்னரும் சந்தை விலைக்குள் லாபம் நின்றால் மட்டுமே கடனுக்கு மனுச் செய்தல் தகும். நீர் சேர்ந்த களிம்பில் மூலப்பொருளின் செலவு குறைவு என்பது உண்மையே. நூற்றுக்கு 68 பங்கு நீரல்லவா? ஆனால் அந்நீரைக் காப்பதற்கு வேண்டிய சுத்தமும் பரிசோதனையும் அம்மிச்சத்தை விழுங்கிவிடக்கூடும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகே தீர்மானம் நிறைவேற்றுக.

தமிழ்நாட்டின் முதற் கூட்டுறவுச் சங்கம் 1904ல் திரூர்க் கிராமத்தில் தோன்றிய நாள் முதல், சங்கங்களின் மூலதனம் பணம் மட்டுமன்று. ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதே. சங்கத்தின் பெயர் பொறித்த டப்பாவை வாங்கும் அயலூர்த் தாய் ஒருத்தி, அதனைத் தன் குழந்தையின் கன்னத்தில் பூசுகின்றாள். அவளுக்கு நம் அங்கத்தினர் எவரையும் தெரியாது. டப்பாவின் மேலுள்ள எழுத்தையே நம்புகின்றாள். அவ்வெழுத்து மெய்யாயிருத்தல் வேண்டும்.

வாசக சாலைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் கேட்பதற்குரிய வினாக்கள்

1. தோலை மென்மையாக்குவது நீரா, எண்ணெயா? மூடாக்கின் உவமையைக் கொண்டு விளக்குக.

2. பாலும் வெண்ணெயும் எவ்வகையில் ஒத்தவை, எவ்வகையில் வேறுபட்டவை?

3. வைட்டமின் ஈ சேர்த்த கற்றாழைக் களிம்பில் பூஞ்சணம் பிடித்தது ஏன்?

4. உங்கள் ஊரில் கிடைக்கும் எண்ணெய்கள் யாவை? அவற்றுள் நீரில்லாத களிம்புக்கு ஏற்றது எது, காரணம் என்ன?

5. பத்து டப்பாக் களிம்புக்கு ஆகும் எல்லாச் செலவுகளையும் எழுதி, ஒரு டப்பாவின் அடக்க விலையைக் கணக்கிடுக. இக்கணக்கைக் காரியதரிசி மட்டுமின்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்தல் வேண்டும்.